அப்டேட் போட்ட பிறகு டேப் ஊர்கிறது, வழக்குப் போடலாமா?

கேள்வி: திண்டுக்கல்லில் வீட்டிலேயே கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்பு கடையில் 18,500 ரூபாய் கொடுத்து ஒரு டேப் வாங்கினேன். 3 ஜிபி ரேம், 32 ஜிபி இடம். பேனாவால் அதில் எழுதி, டிவியில் காட்டித்தான் பாடம் நடத்துகிறேன். பதினான்கு மாதத்துக்கு முன்பு பெரிய அப்டேட் ஒன்று வந்தது. வேகமும் பாதுகாப்பும் மேம்படும் என்று போட்டிருந்ததால் சரி என்று அழுத்திவிட்டேன். அன்றிலிருந்து எழுதினால் கோடு ஒரு நொடி கழித்துத்தான் வருகிறது. பழைய வெர்ஷனுக்குத் திரும்பவும் முடியாதாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில், "வாரண்டி முடிஞ்சு போச்சு, போர்டு மாத்த 11,000 ஆகும், அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்கிறார்கள். என் தங்கை வீட்டுக்காரர், இது ஹேக்கிங் மாதிரிதான், சைபர் கேஸ் போடலாம் என்கிறார். மகன், ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி ரீசெட் செய்து பார்ப்போம் என்கிறான். எனக்குச் சட்டத்தில் வழி இருக்கிறதா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: வழி இருக்கிறது, டீச்சர். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் வழக்கு வேறு, நிற்கக்கூடிய வழக்கு வேறு. டேப் மெதுவாகிவிட்டது என்று மட்டும் போய் நின்றால், "நான்கு வருடப் பழசு, அப்படித்தான் இருக்கும்" என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். இந்த அப்டேட் பழைய மாடலை மந்தமாக்கும் என்பதைச் சொல்லாமல், வேகம் கூடும் என்று சொல்லிப் போடவைத்தார்கள், திரும்பிப் போகும் கதவையும் சாத்திவிட்டார்கள் என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் உட்கார்ந்து பதில் எழுதியாக வேண்டும்.

முதலில் அந்த வாரண்டிப் பேச்சு. வாங்கிய பொருள் தானாகக் கெட்டுப்போனால் இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்பதுதான் வாரண்டி. உங்கள் டேப் தானாகக் கெடவில்லை. மூன்றாம் வருடத்தில் கம்பெனியே ஒன்றை அனுப்பி, அதனால் வந்த வினை இது. வாரண்டி முடிந்தது என்பது இதற்குப் பதிலே இல்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் உங்களுக்கு உதவும் இடங்கள் இரண்டு. பிரிவு 2(11) சேவைக் குறைபாடு என்றால் என்ன என்று சொல்கிறது. தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடக்கம். பிரிவு 2(47) நேர்மையற்ற வணிக நடைமுறை பற்றியது. பொருளின் தரத்தைப் பற்றி இல்லாததைச் சொல்வது அதில் வரும். "வேகம் மேம்படும்" என்ற வாசகத்தை இங்கே பொருத்தலாம்.

இதில் ஒரு முள் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரிவு 2(42)-இன்படி இலவசமாகச் செய்யும் சேவை சட்டத்தின் கண்ணில் சேவையே அல்ல. "அப்டேட்டை இலவசமாகத்தானே கொடுத்தோம்" என்று கம்பெனி வக்கீல் நிச்சயம் கிளப்புவார். அதற்குப் பதில் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். டேப் வந்த அட்டைப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். வாங்கும்போது வந்த விளம்பரம், கம்பெனியின் பழைய அறிவிப்பு எதிலாவது இத்தனை பெரிய அப்டேட் உண்டு, இத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் உண்டு என்று இருந்தால், நீங்கள் கொடுத்த 18,500-க்குள் அந்த அப்டேட்டின் விலையும் அடக்கம் என்று வாதிடலாம். அப்படி எதுவும் கிடைக்காவிட்டால் 2(47)-ஐயே முன்னால் நிறுத்துங்கள்.

ட்யூஷனுக்குப் பயன்படுத்துவதால் வணிக நோக்கம் என்றும் ஒரு ஆட்சேபம் வரும். பயப்பட வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்குப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று பிரிவு 2(7)-இன் விளக்கத்திலேயே இருக்கிறது. நாலு பேரைச் சம்பளத்துக்கு வைத்துச் சென்டர் நடத்தினால்தான் கதை மாறும்.

இந்த மாதிரிப் புகார் உலகத்துக்குப் புதிதல்ல. 2018 அக்டோபரில் இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. பழைய போன்களில் அப்டேட்டைப் போடத் தூண்டிவிட்டு, அதனால் போன் மந்தமாகும் என்பதைச் சரியாகச் சொல்லவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் அதிகாரிகள் ஆப்பிளிடம் 2.5 கோடி யூரோ வாங்கினார்கள். அங்கேயும் பிரச்சினை வேகத்தைக் குறைத்தது அல்ல, குறையும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லாமல் விட்டது. நம் ஊரில் 2025 ஜனவரியில், ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு ஐபோன்கள் சரியாக இயங்கவில்லை என்று தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு வந்த புகார்களை வைத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. இவை எல்லாம் போன் விவகாரங்கள். இத்தாலி, பிரான்ஸ் உத்தரவுகள் உங்கள் மனுவை விசாரிக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. மனுவில் ஒரு பத்தி போதும். சிலர் வெளிநாட்டுத் தீர்ப்பை நாற்பது பக்கம் பிரிண்ட் எடுத்துக் கட்டி வைப்பார்கள், யாரும் புரட்டுவதில்லை.

தங்கை வீட்டுக்காரர் சொல்வது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு. கணினியில் உள்ளதை மாற்றி அதன் பயன்பாட்டைக் குறைத்தால் இழப்பீடு கேட்கலாம் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் செய்திருக்க வேண்டும். நீங்கள்தான் சரி என்று அழுத்தியிருக்கிறீர்களே! பாதித் தகவலைச் சொல்லி வாங்கிய அனுமதி அனுமதியா என்று வாதாடலாம்தான். 18,500 ரூபாய் டேப்புக்கு அந்தப் பரிசோதனையை நான் செய்ய மாட்டேன்.

இனி ஆதாரம். இதுபோன்ற புகார்கள் பெரும்பாலும் தோற்பது சட்டத்தில் அல்ல, இங்கேதான். பொருளிலேயே குறை என்று நீங்கள் சொன்னால், பிரிவு 38-இன்படி ஆணையம் அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம், அதற்கான கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். தகவலை மறைத்தார்கள், தவறாகச் சொன்னார்கள் என்ற வழியில் போனால் அந்தச் சுமை குறையும். ஆனாலும் டேப் உண்மையிலேயே மந்தம்தான் என்பதைக் காட்டியாக வேண்டும். வேறொரு போனை ஸ்டாண்டில் வைத்து, பக்கத்தில் நொடிமுள் ஓடும் கடிகாரம் ஒன்றை வைத்து, டேப்பில் நீங்கள் எழுதுவதை ஒரே ஷாட்டில் வீடியோ எடுங்கள். பேனா நகர்ந்த பிறகு கோடு வரும் தாமதம் கடிகாரத்தோடு சேர்ந்து தெரிய வேண்டும். அதே வீடியோவில் செட்டிங்ஸுக்குப் போய் மாடல், வெர்ஷன் எண், அப்டேட் தேதி, மிச்சமிருக்கும் இடம் நாலையும் காட்டுங்கள். 32 ஜிபியில் 31 நிரம்பியிருந்தால் எந்த டேப்பும் ஊரத்தான் செய்யும். எதிர்த்தரப்பு முதலில் கைவைப்பதும் அங்கேதான். அதனால் மாணவர்களின் பழைய வீடியோக்களை வேறு இடத்துக்கு மாற்றி, பாதியாவது காலி செய்துவிட்டு இன்னொரு வீடியோ எடுங்கள். அப்போதும் கோடு தாமதமாக வந்தால், இடம் நிரம்பியதுதான் காரணம் என்ற வாதம் விழுந்துவிடும். இந்த வீடியோக்களைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று சொன்னோமே, அதன் புது அவதாரம்.

சர்வீஸ் சென்டருக்கு இன்னொரு முறை போங்கள். போன தடவை கொடுத்த ஜாப் ஷீட்டில் "ஹேங் ஆகிறது" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். இந்தத் தடவை, "இன்ன தேதி அப்டேட்டுக்குப் பிறகு எழுத்து தாமதமாகிறது, பழைய வெர்ஷனுக்கு மாற்றித் தரக் கேட்கிறார்" என்று எழுதச் சொல்லி, அவர்கள் சொல்லும் பதிலையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் சண்டை வேண்டாம். வெளியே வந்து, நடந்ததை அப்படியே கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு அன்றைக்கே மெயில் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் 1915 என்ற எண்ணுக்கு அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். சில கம்பெனிகள் இந்தக் கட்டத்திலேயே பழைய டேப்பை எடுத்துக்கொண்டு புதியதில் தள்ளுபடி தருகிறேன் என்று இறங்கி வரும். தொகை நியாயமாகப் பட்டால் வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அங்கே புகார் ஓடுவதால் காலக்கெடு நிற்காது. வழக்குக்காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் என்று பிரிவு 69 சொல்கிறது. உங்களுக்கு அது டேப் வாங்கிய நாள் அல்ல, அப்டேட் போட்ட நாள். பதினான்கு மாதம் போய்விட்டது, பத்துதான் மிச்சம்.

அதற்கும் மசியவில்லை என்றால் பதினைந்து நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பிவிட்டு, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு போடலாம். கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரில் வழக்குத் தொடரப் பிரிவு 34 இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. (வக்கீலான நானே சொல்கிறேன்.) கம்பெனியையும் சர்வீஸ் சென்டரையும் சேருங்கள். விற்ற கடைக்காரரை விட்டுவிடுங்கள். அப்டேட்டை அவர் அனுப்பவில்லை, அவர் வக்கீலும் வந்து வாய்தா கேட்டால் நாள்தான் இழுக்கும்.

கேட்கும்போது அளவாகக் கேளுங்கள். பழைய வேகத்துக்குக் கொண்டுவந்து தர வேண்டும், முடியாவிட்டால் டேப்பின் இன்றைய மதிப்பு, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு தொகை. நான்கு வருடம் பயன்படுத்திய பொருளுக்கு முழு விலையும் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். 5 லட்சம் இழப்பீடு கேட்டால் மனுவின் மேல் இருக்கும் மரியாதைதான் குறையும்.

கடைசியாக, மகன் சொல்லும் ரீசெட். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு ரீசெட் செய்தால் சில டேப்கள் ஓரளவு தேறுவதும் உண்டு, அதனால் யோசனை தப்பில்லை. ஆனால் ரீசெட் செய்தால் டேப்பில் இருப்பது எல்லாம் துடைத்துக்கொண்டு போகும். எந்த நிலையில் இருந்தது என்று பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. எனவே வீடியோ, ஸ்கிரீன்ஷாட், ஜாப் ஷீட் மூன்றும் கைக்கு வரும்வரை ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அதன்பின் ரீசெட் செய்து, அதே பேனா, அதே கடிகாரம் வைத்து மறுபடி ஒரு வீடியோ எடுக்கட்டும். தேறிவிட்டால் உங்களுக்கு டேப் மிச்சம். தேறாவிட்டால் அந்த வீடியோவையும் மனுவோடு சேருங்கள்.