டின் விசிலில் தொடங்கி அயர்லாந்து நாட்டுப்புற இசை: கேள்வி பதில்

வாத்தியம், வாசிப்பு சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நடனமும் பாட்டும் என் துறை இல்லை.

கேள்வி: இசையே தெரியாது சார், பட்ஜெட்டும் கம்மி. எதுல ஆரம்பிக்கலாம்?

டின் விசில், அதாவது ஆறு துளை கொண்ட சிறிய உலோகக் குழல். சுருதி கட்டாயம் டி (D). ஃபிடில் (வயலின்), மரப் புல்லாங்குழல், பைப்ஸ் (பையும் துருத்தியும் கொண்ட வாத்தியம்) எல்லாம் டி, ஜி மேஜரையும் அவற்றின் உறவு ஸ்கேல்களையும் சுற்றியே வாசிக்கின்றன. சி விசில் வாங்கினால் தனியாகத்தான் ஊத வேண்டும். ஜெனரேஷன், ஃபெடோக், கிளார்க் என்ற பிராண்டுகளில் எது கிடைத்தாலும் போதும். கிளார்க்கில் காற்று அதிகம் செலவாகும், ஒலி மென்மை. முதல் இரண்டில் ஒலி கூர்மை.

இடது கை மேலே மூன்று துளை, வலது கை கீழே மூன்று. விரல் நுனியால் மூடாதீர்கள், விரலின் சதைப்பகுதியால் மூடுங்கள். மேல் துளையை மட்டும் மூடினால் பி, இரண்டுக்கு ஏ, மூன்றுக்கு ஜி. இந்த மூன்றும் சுத்தமாக வந்த பிறகே கீழே இறங்குங்கள். எல்லாம் திறந்தால் சி ஷார்ப். மேல் துளையைத் திறந்து அடுத்த இரண்டை மூடினால் சி நேச்சுரல். மேல் ஸ்தாயிக்கும் இதே விரல்கள்தான், காற்று மட்டும் வேகமாக. மேல் டிக்கு மட்டும் முதல் துளையைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு மாசமா ஊதுறேன். கீழ் டி வரவே மாட்டேங்குது, கீச்சுன்னு கத்துது. விசில் கெட்டுப்போச்சா?

விசிலில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு காரணம்தான். ஏதாவது ஒரு துளையில் காற்று கசிகிறது. பெரும்பாலும் வலது மோதிர விரல், சில சமயம் இடது மோதிர விரல். இல்லையென்றால் காற்று அதிகம். ஜியில் தொடங்கி, ஊதுவதை நிறுத்தாமல் ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டே இறங்குங்கள். எந்த விரல் வைத்ததும் கத்துகிறதோ அதுதான் குற்றவாளி. கீழ் டிக்குக் கண்ணாடியில் ஆவி படிய விடும் மூச்சு போதும்.

கொஞ்ச நேரம் ஊதியதும் ஒலி அடைத்தால் அது எச்சிலும் ஆவியும் தேங்கியது. தலைப்பகுதியின் ஜன்னலை விரலால் மூடிப் பலமாக ஒரு தடவை ஊதுங்கள், வெளியே வந்துவிடும். சுருதி ஏறி நின்றால் பிளாஸ்டிக் தலையை ஒரு நிமிடம் வெந்நீரில் வைத்து மெல்லத் திருகுங்கள். பசை விட்டுவிடும், பிறகு கொஞ்சம் வெளியே இழுக்கலாம்.

கேள்வி: கர்நாடகப் புல்லாங்குழல் சில வருஷமா வாசிக்கிறேன். இது சுலபமா வருமா?

மூச்சு, விரல் வேகம், காது மூன்றும் உதவும். ஸ்கேல்கள்கூடப் பழகியவைதான். டி மேஜர் என்றால் சங்கராபரணம். டோரியனின் ஸ்வரங்கள் கரகரப்பிரியா, மிக்ஸோலிடியனின் ஸ்வரங்கள் ஹரிகாம்போஜி. டி விசிலில் ஈயை ஆதாரமாக வைத்தால் ஈ டோரியன், ஏயை வைத்தால் ஏ மிக்ஸோலிடியன், இரண்டும் சி ஷார்ப்போடு. சி நேச்சுரலுக்கு மாறினால் ஏ டோரியன், டி மிக்ஸோலிடியன். பெரும்பாலான மெட்டுகள் இதற்குள் அடங்கும்.

இடறும் இடம் இரண்டு. அங்கே இரண்டு துளை மூடினால் ஸட்ஜம், இங்கே ஆறும் மூட வேண்டும். பழைய கை அடிக்கடி ஏமாற்றும். இன்னொன்று கமகம். ஸ்வரத்தை அசைத்து, வழுக்கி அடுத்ததற்குப் போகும் பழக்கத்தைக் கழற்றி வையுங்கள். இங்கே ஸ்வரம் நேராக நிற்கும், அலங்காரம் கண் இமைக்கும் நேரத்தில் முடியும்.

கேள்வி: ரோல் எப்போ கத்துக்கலாம்? வீடியோல எல்லாரும் அதைத்தான் செய்றாங்க.

அவசரப்படாதீர்கள். பத்து மெட்டாவது அலங்காரம் இல்லாமல், மெதுவாக, தாளம் சிதறாமல் வந்த பிறகு.

முதலில் கட். ஒரே ஸ்வரம் இரண்டு முறை வரும்போது பிரிக்க உதவுவது. டி, ஈ, எஃப் ஷார்ப்புக்கு இடது மோதிர விரலையும், ஜி, ஏ, பிக்கு இடது ஆள்காட்டி விரலையும் சட்டென்று தூக்கி வையுங்கள். தூக்கிய விரலின் ஸ்வரம் தனியாகக் காதில் விழுந்தால் தவறு. அடுத்தது டாப்: ஜியை ஊதும்போது வலது ஆள்காட்டி விரல் தன் துளையைத் தட்டிவிட்டு எழ வேண்டும். ரோல் என்றால் ஜி, கட்டோடு ஜி, டாப்போடு ஜி. மூன்று குவேவர் (எட்டில் ஒரு பங்கு ஸ்வரம்) நேரத்தை நிரப்ப வேண்டும். ஆரம்பக்காரர்கள் இதை ஒரு மூலையில் அடைத்து அவசரமாக முடிப்பார்கள், தாளம் அங்கேயே சாய்ந்துவிடும். கீழ் டியில் ரோல் கிடையாது, தட்டுவதற்குக் கீழே துளை இல்லை. அங்கே பைப்ஸிலிருந்து வந்த கிரான் என்ற அலங்காரம், அது வெகு பின்னால்.

கேள்வி: எந்த விசில் வாங்கலாம்?

முதல் பதில்.

கேள்வி: எனக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் நன்றாக வரும். தாளைப் பார்த்து ஒரே மாலையில் ஐந்தாறு மெட்டு வாசித்துவிடுகிறேன். காதால்தான் கற்க வேண்டும் என்பது வீண் பிடிவாதம் இல்லையா?

வாசித்தது மெட்டின் எலும்புக்கூட்டை. ஜிக் என்ற நடன மெட்டு வகை 6/8. தாளில் மும்மூன்றாக ஆறு குவேவர், எல்லாம் ஒரே அளவு. வாசிப்பில் ஒவ்வொரு மூன்றிலும் முதலாவது நீளும், இரண்டாவது குறுகும். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். ரீல் என்ற இன்னொரு வகை 4/4, அதிலும் இதே கதை. மூச்சு எடுக்கும் இடமும் தாளில் இருக்காது. நடுவே ஓய்வே இல்லாத மெட்டுகள் இவை. பலமில்லாத இடத்தில் ஒரு குவேவரை விட்டுவிட்டு அங்கே மூச்சு எடுப்பார்கள், ஒவ்வொரு சுற்றிலும் வேறு இடத்தில்.

அதே நண்பர்: தாள் இல்லையென்றால் பாதி மெட்டுகள் அழிந்திருக்கும். சிகாகோ போலீஸ் தலைவர் ஃபிரான்சிஸ் ஓ'நீல் 1903இல் 1,850 மெட்டுகளை அச்சிட்டதை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை. அந்த ஓ'நீலுக்கே இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. அவர் மெட்டைச் சொல்ல, ஜேம்ஸ் ஓ'நீல் என்ற இன்னொரு போலீஸ்காரர் எழுதினார். சேமிக்கத் தாள் அவசியம், ஒப்புக்கொள்கிறேன். அதைப் பார்த்து வாசித்தவர்களில் பலருக்கு மெட்டு முன்பே காதில் இருந்தது. உங்களுக்கு இல்லை என்பதுதான் வித்தியாசம்.

அதே நண்பர்: காதை நம்பியதால் வந்த கேட்டையும் சொல்லுங்கள். ஸ்லைகோ மாவட்டத்து ஃபிடில்காரர் மைக்கேல் கோல்மன் 1920களில் நியூயார்க்கில் பதிவு செய்த தட்டுகளைக் கேட்டு, வேறு மாவட்டத்து ஃபிடில்காரர்களும் அவரைப் போலவே வாசிக்க ஆரம்பித்தார்களே?

நல்ல அடி, அது நடந்ததுதான். அதனால்தான் ஒரே பதிவைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு மெட்டை மூன்று பேர் வாசிப்பில் கேளுங்கள், முடிந்தால் வேறு வேறு பகுதியினர். டொனகல் மாவட்டத்து வில்வீச்சும் கிளேர் மாவட்டத்து நிதானமும் ஒன்றல்ல. மூவரிடமும் மாறாமல் இருப்பது மெட்டு, மாறுவது அவரவர் கைவண்ணம்.

இன்னொருவர்: சண்டை இருக்கட்டும் அண்ணா, தாளை எங்கே பயன்படுத்தலாம்?

மெட்டை நாள் கணக்கில் கேட்டு முதலில் வாயால் முணுமுணுங்கள். முணுமுணுக்க வராதது விரலிலும் வராது. பிறகு பதிவின் வேகத்தை 60 சதவீதமாக்கி, இரண்டிரண்டு பாராக (பார் என்பது ஒரு தாளச் சுற்று) விசிலில் தேடுங்கள். சிக்கும் இடத்தில் மட்டும் தாளைத் திறந்து பாருங்கள், மூடிவிடுங்கள். பெரும்பாலான மெட்டுகள் எட்டு பார் கொண்ட இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரு முறை, மொத்தம் 32 பார். எட்டில் பாதிக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர்கள்தான். முதலில் போல்கா வகை மெட்டுகள் சில, பிறகு கெஷ் போன்ற எளிய ஜிக், ரீல் கடைசியில்.

கேள்வி: ரீலை செஷன் வேகத்தில் வாசிக்க எத்தனை மாசம் ஆகும்?

செஷன் என்றால் பப் மேஜையைச் சுற்றிப் பலர் கூடி வாசிப்பது. அந்த வேகத்துக்கு மாதக் கணக்கு சொல்ல முடியாது. வேகமாக ஊதிப் பழகினால் தவறும் வேகமாகப் பழகும். மெதுவாக.

கேள்வி: பௌரான் சுலபம்தானே, அதுல ஆரம்பிக்கலாமா?

கூடாது. மெட்டுகளைத் தெரிந்த பிறகு வாசிக்கும் தோல் வாத்தியம் அது. மெட்டு தெரியாமல் ஆட்டுத்தோலைத் தட்டுபவரால் ஒரு மேஜையே நாசமாகும். ஒரு செஷனில் ஒரு பௌரான் போதும் என்பது எழுதாத சட்டம். சுற்றுலாக் கடையில் படம் வரைந்து விற்பது சுவரில் மாட்ட.

கேள்வி: கிட்டார்?

அதே பதில், கொஞ்சம் மென்மையாக. டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று சுருதி மாற்றிப் பலர் வாசிப்பார்கள். ஏற்கெனவே ஒரு கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தால் காத்திருங்கள்.

கேள்வி: இல்லன் பைப்ஸ் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. முழு செட் வாங்கலாமா?

வேண்டாம். ஷோ-கேஸ் சாமான். ரீட் பொருந்தாது, சுருதி நிற்காது, சரிபார்க்க ஆளும் கிடைக்காது. தொடங்குவது பிராக்டிஸ் செட்டில்: பை, துருத்தி, சாண்டர் (விரல் வைத்து மெட்டு வாசிக்கும் குழல்). ட்ரோன் (ஆதார சுருதிக் குழல்கள்) சேர்ந்தால் ஹாஃப் செட், ரெகுலேட்டரும் (சாவி அழுத்தி வாசிக்கும் துணைக் குழல்கள்) சேர்ந்தால் ஃபுல் செட். நல்ல கைவினைஞரிடம் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். 1968இல் தொடங்கிய, டப்ளினில் இயங்கும் நா பீபரி இல்லன் என்ற பைப்ஸ் வாசிப்பாளர் சங்கத்தில் முதலில் விசாரியுங்கள். விசிலின் விரல் அமைப்பு சாண்டருக்கு ஓரளவு உதவும்.

கேள்வி: விசில் பிராண்ட் ஏதாவது சொல்லுங்களேன்?

மேலே படியுங்கள்.

கேள்வி: ஷான்-நோஸ் பாட்டு கத்துக்கணும்.

ஐரிஷ் மொழி தெரிந்த பாடகரைத் தேடுங்கள்.

கேள்வி: டப்ளின்ல படிக்கிறேன். ஸ்மித்ஃபீல்டு காபிள்ஸ்டோன் பப்ல செஷன் நடக்குது. விசிலோட போய் உட்காரலாமா?

முதல் சில தடவை விசிலை வெளியே எடுக்காமல் ஓரமாக உட்காருங்கள். மேஜையைச் சுற்றியுள்ள நாற்காலி வாசிப்பவர்களுக்கு, கேட்காமல் அமராதீர்கள். இரண்டு மூன்று மெட்டுகள் சேர்ந்த செட்டாகத்தான் ஓடும், ஒவ்வொன்றும் பெரும்பாலும் மூன்று சுற்று. தெரிந்த மெட்டில் மட்டும் சேருங்கள். தெரியாததற்குக் குத்துமதிப்பாக விரலை ஓட்டாதீர்கள், விசில் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு கேட்கும். பதிவு செய்ய அனுமதி கேளுங்கள், ஒரு மெட்டின் பெயரைச் செட் முடிந்த பிறகு கேளுங்கள். யாராவது உங்களைத் தொடங்கச் சொன்னால் மெதுவான ஜிக் ஒன்று தொடங்குங்கள். தொடங்கிய வேகத்தில் முடிக்க முடியும் என்றால் மட்டும்.

கேள்வி: சி விசில் வாங்கிட்டேன். மாத்தணுமா?

மாற்றுங்கள்.