தீட்சை இல்லாமல் தொடங்கலாம்
பக்கத்தில் குழு எதுவும் இல்லை, தீட்சை வாங்காமல் பேகன் வழியில் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாடுகளைத் தழுவி இந்தக் காலத்தில் உருவான வழி) இறங்கலாமா, சடங்குக்கான கத்தி, கிண்ணம் எல்லாம் வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக இறங்கலாம். பேகனிசம் ஒரே மதம் இல்லை. விக்கா (சூனியக்கலையோடு சேர்ந்த வழி), ட்ரூயிட் (பழைய கெல்டிக் பூசாரிகளை முன்மாதிரியாகக் கொண்டது), ஹீத்தன் (பழைய ஜெர்மானிய, நார்ஸ் தெய்வங்களை வணங்குவது) என்று பல கிளைகள், அதில் தீட்சையைக் கறாராகக் கேட்பது ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் பரப்பிய கார்ட்னர் மரபு மாதிரி சில விக்கா குழுக்கள்தான் (அந்த மரபே 1950களில் இங்கிலாந்தில் வெளியே தெரிய வந்தது, ஆதிகாலத்திலிருந்து அறுபடாமல் வருகிறது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்). பொருள் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு வருடம் வானத்தையும் மண்ணையும் கவனித்துக் குறித்து வையுங்கள்: நிலவு வளர்வது தேய்வது, மிக நீண்ட பகல், மிக நீண்ட இரவு, இரண்டும் சமமாகும் இரு நாட்கள், அப்புறம் இவற்றின் நடுவே வரும் நான்கு விழாக்கள். தென் அரைக்கோளத்தில் இருப்பதாகச் சொன்னீர்களே, அங்கே பருவங்கள் தலைகீழ், அதனால் வட அரைக்கோளத்தை வைத்து எழுதிய புத்தகம் டிசம்பர் என்றாலும் உங்களுக்கு யூல் (மிக நீண்ட இரவின் விழா) ஜூனில்தான்.