பழைய காட்டன் சேலையில் போர்வை தைத்தால் ஏன் சுருங்கிக்கொண்டு இழுக்கிறது?

நீங்கள் கேட்டது: இரண்டு பழைய சேலைகளை அடுக்கி மெஷினில் தைத்தேன், ஓரமெல்லாம் சுருங்கி ஒரு பக்கம் நீண்டுவிட்டது, என்ன தப்பு?

தப்பு உங்கள் கையில் இல்லை. மெஷினில் ஊசிக்குக் கீழே துணியை நகர்த்தும் பல் அடித்துணியை மட்டும்தான் பின்னால் தள்ளும். மேல்துணியை மேலே உள்ள பாதம் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அடுக்கு கூடக் கூட இந்த வித்தியாசம் சேர்ந்து, கடைசியில் மேல்துணி நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஐந்தரை மீட்டர் சேலையைப் பாதியாக மடித்தால் ஒரு ஆளுக்குப் போதும். இரண்டு சேலை என்றால் நான்கு அடுக்கு. தைக்கும் முன் ஃபால்ஸைப் பிரித்துவிட்டு, துவைத்து, இஸ்திரி போடுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். சல்லடையாகத் தெரியும் இடம் உள் அடுக்கில் போகட்டும். சிந்தெடிக் கலந்த சேலையைக் காட்டனோடு சேர்க்காதீர்கள். துவைத்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது.

அப்புறம் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவி, ஒரு சாண் இடைவெளியில் கையால் பெரிய தையல் ஓட்டிக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். பிறகு மெஷினில் பாத அழுத்தத்தைக் குறைத்து, தையலை நீளமாக வைத்து, நடுக்கோட்டிலிருந்து தொடங்குங்கள்.

என்னைக் கேட்டால் கைத்தையலே நல்லது. வங்காளத்துக் காந்தா போர்வை அப்படித்தான்: பழைய சேலை அடுக்குகள் மேல் வெறும் ஓட்டுத் தையல். அதில் வரும் சின்னச் சின்னச் சுருக்கம்தான் அழகே.