அழிவின் விளிம்பில் இருக்கும் ஒரு திருக்கையையும் ஒரு பாசியையும் ஒப்பிட முடியுமா? எது அதிக ஆபத்தில் இருக்கிறது?

ஜோடியைச் சரியாகப் பிடித்தால் முடியும். நான் எடுப்பது ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் மாஜியன் ஸ்கேட் என்ற திருக்கையும், இங்கிலாந்தின் டார்பிஷயர் ஃபெதர் மாஸ் என்ற பாசியும். இரண்டுக்கும் உலகத்தில் ஒரே ஒரு முகவரிதான்.

பாசியின் கதை சின்னது. சுண்ணாம்புப் பாறையில் ஓடும் ஓர் ஊற்று; அங்கே ஏறக்குறைய 3 சதுர மீட்டர், ஒரு இரட்டைக் கட்டில் மெத்தை அளவு, அவ்வளவுதான் அதன் ராஜ்ஜியம். பாசிக்கு வேர் கிடையாது, இலையாலேயே நீரை உறிஞ்சும். ஆகவே ஊற்றில் என்ன கலந்தாலும் நேரே உள்ளே போய்விடும். ஆட்கள் மிதித்துவிடக் கூடாதென்று இடத்தையே வெளியில் சொல்வதில்லை.

திருக்கை 1988-இல் பாதர்ஸ்ட் துறைமுகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அது இருப்பதாக உறுதியாகச் சொல்லக்கூடிய இடம் மக்வாரி துறைமுகம் மட்டுமே. அங்கே மேலே தேநீர் நிறத்தில் ஆற்று நீர், கீழே உப்பு நீர். இரண்டும் லேசில் கலக்காது. அதனால் அடியில் ஆக்சிஜன் இயல்பிலேயே குறைவு. இருப்பதையும் அங்குள்ள சால்மன் மீன் பண்ணைகளின் மிச்சத் தீனியும் கழிவும் மக்கும்போது இழுத்துக்கொள்கின்றன.

சின்ன வயதில், குழம்புக்கு வாங்கிய திருக்கையை அம்மா அரிந்தபோது உள்ளே முழு வடிவத்தில் குட்டி இருந்ததைப் பார்த்திருக்கிறேன் (அன்றைக்கு நான் குழம்பைத் தொடவில்லை). நம் கரைத் திருக்கைகள் பெரும்பாலும் அப்படிக் குட்டி போடுபவை. மாஜியன் ஸ்கேட் முட்டையிடும் ரகம். நான்கு மூலையிலும் கொம்பு நீட்டிய தோல் பை மாதிரி முட்டை, பொரிய ஏழு மாதம் போல ஆகும். மூச்சு முட்டினால் பெரிய மீன் வேறு ஆழத்துக்கு நகரலாம். முட்டை அந்த அடிநீரிலேயே கிடந்தாக வேண்டும்.

2014-க்கும் 2021-க்கும் இடையில் எண்ணிக்கை கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. 2025-இல் வந்த ஆய்வறிக்கை கொஞ்சம் தேறியிருப்பதாகச் சொன்னது. தொட்டியில் வைத்துப் பெருக்கலாமென்று 2023 டிசம்பரில் நான்கைப் பிடித்து வந்தார்கள். சீக்கிரமே இரண்டு செத்துப்போயின.

பரப்பளவை மட்டும் பார்த்தால் பாசிதான் மோசமான நிலையில் இருக்கிறது. ஒரே ஒரு சாக்கடைக் கசிவு போதும். ஆனாலும் எனக்குக் கவலை திருக்கையைப் பற்றித்தான். அந்த ஊற்றை வைத்து யாரும் சம்பாதிக்கவில்லை, ஒளித்து வைத்தால் தீர்ந்தது. மக்வாரியிலோ பண்ணையை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன. 2025 மார்ச்சில், தேர்தல் நெருங்கும் நேரத்தில், அந்தப் பண்ணைகள் தொடர்ந்து நடப்பதற்கு வசதியாக ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் சுற்றுச்சூழல் சட்டத்தையே திருத்தியது.