நகையை அடகு வைத்து ஸ்டெம் செல் சிகிச்சை எடுக்கலாமா?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறோம். கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலை, கைக்கு வருவது 34,000 ரூபாய். மனைவிக்கு ஒன்பது வருடமாக ஆஸ்துமா. ஸ்டெம் செல் ஏற்றினால் நிரந்தரமாகச் சரியாகிவிடும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். 4 லட்சம் ஆகும், இந்த வாரமே 50,000 முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டாம். நகையை அடகு வைக்கலாமா சார்? இல்லை, மெடிக்ளைம் எடுத்து அதில் செய்துகொள்ளலாமா?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

நடுராத்திரியில் மனைவி எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்கிற உங்களிடம் வட்டிக் கணக்கு பேச எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் பேசியாக வேண்டும். 4 லட்சத்துக்கு வருடம் 12 சதவீதம் என்றால் மாதம் 4,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசல் அப்படியே நிற்கும். பலன் தெரிந்த சிகிச்சை என்றால் இந்தக் கடனை வாங்குங்கள் என்று நானே சொல்வேன். இது அப்படி இல்லை. ஸ்டெம் செல் என்பது உடலின் வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூல செல். எலிகளிடம் அது மூச்சுக்குழல் அழற்சியைக் குறைத்திருக்கிறது. மனிதர்களிடம் நடந்தவை சிறிய, ஆரம்பக் கட்டச் சோதனைகள்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, அனுமதி பெற்ற பரிசோதனைக்கு வெளியே இப்படி ஸ்டெம் செல் ஏற்றுவது முறைகேடு. அனுமதி பெற்ற பரிசோதனையாக இருந்தால், பங்கேற்பவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆக, எந்தப் பக்கம் பார்த்தாலும் நீங்கள் 4 லட்சம் கட்ட வேண்டிய இடமே இதில் இல்லை.

காப்பீட்டுக்கு வருவோம். பாலிசிகள் ஏற்க வேண்டிய நவீன சிகிச்சைகள் என்று 12-ஐ காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் பட்டியல் போட்டது. ஸ்டெம் செல் அதில் உண்டு, ஆனால் ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு மட்டும். அதே பட்டியலில் கடுமையான ஆஸ்துமாவுக்குச் செய்யும் பிராங்கியல் தெர்மோபிளாஸ்டியும் (மூச்சுக்குழலுக்குள் வெப்பம் கொடுக்கும் சிகிச்சை), மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசியும் (அழற்சியைத் தூண்டும் பொருளைத் தடுக்கும் மருந்து) இருக்கின்றன. அதனால் பாலிசி எடுங்கள், இந்த கிளினிக்குக்காக அல்ல. விண்ணப்பத்தில் ஆஸ்துமாவை மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் க்ளெய்ம் நேரத்தில் கை விரித்துவிடுவார்கள். ஏற்கனவே உள்ள நோய்க்கு க்ளெய்ம் கிடைக்கக் காத்திருப்பு அதிகபட்சம் 3 வருடம். உங்கள் கம்பெனியில் குரூப் பாலிசி இருக்கிறதா என்று எச்.ஆரிடம் முதலில் கேளுங்கள், பல குரூப் பாலிசிகளில் இந்தக் காத்திருப்பு இருக்காது.

அப்புறம், இன்ஹேலரைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலருக்கு மாதம் சில நூறு ரூபாய்தான் ஆகும். மூச்சு முட்டும்போது மட்டும் அடிக்கிற இன்ஹேலரை வைத்தே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். அழுத்துவது ஒரு நேரம், இழுப்பது ஒரு நேரம், மருந்து முழுக்க நாக்கிலேயே தங்கிவிடும். ஒரு நர்ஸ் இன்ஹேலரில் ஸ்பேசர் என்ற குழாயை மாட்டி, மெதுவாக இழுத்துப் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்த மழைக்காலத்தில் அம்மா ஒரு நாள்கூட நெபுலைசருக்குப் போகவில்லை.

மெட்ரோவில் வண்ணாரப்பேட்டையில் இறங்கினால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை சின்னத் தூரம்தான். நெஞ்சகப் பிரிவில் காட்டி ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் சோதனை, எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் கொசுவர்த்தியை நிறுத்துங்கள். லாரிப் புழுதி வந்து விழும் ரோட்டோர வீடு என்றால், உள்தெருவுக்கு மாற மாதம் இரண்டாயிரம் வாடகை கூடினாலும் கொடுங்கள். அடகு வட்டியில் பாதிதான் அது.

முன்பணம் ஏற்கனவே கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீதைப் பத்திரமாக வைத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.