துதிக்கை இல்லாத முதல் பதிப்பு

கேள்வி: இணையத்தில் ‘1950, முதல் பதிப்பு’ என்று போட்டிருந்த சமையல் புத்தகத்தை 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். தாள் பழுப்பேறி, அட்டை கிழிந்துதான் வந்தது. ஆனால் பதிப்பக முகவரியில் பின்கோடு இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, மதுரை

பதில்: ஆமாம் அம்மா, ஏமாற்றிவிட்டார்கள். பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்டில். உள்ளே ‘லை’, ‘னை’ எழுத்துகளையும் பாருங்கள். யானைத் துதிக்கை போன்ற கொக்கி வைத்த பழைய வடிவம் இல்லையென்றால், பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அச்சானது. பழுப்பை நம்பாதீர்கள், மட்டமான தாள் சில வருடங்களிலேயே பழுத்துவிடும். விற்றவர் வியாபாரி என்றால் விடவே விடாதீர்கள். விளம்பரம், ரசீது, முகவரிப் பக்கம் மூன்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் ஊரிலேயே மனு போடலாம், 2 ஆண்டுக்குள். இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: நடைபாதைக் கடையில் 300 ரூபாய்க்கு வாங்கிய புத்தகத்தில் ஊறுகாய்ப் பகுதியே இல்லை. வாங்கும்போது பிரித்துப் பார்க்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அடுத்த முறை பிரித்துப் பார்க்கலாம்.

கேள்வி: எண்ணெய்க் கறை, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. இப்படிப்பட்டதை வாங்கலாமா, அதே புத்தகம் புது பைண்டிங்கில் கிடைத்தால் அதை வாங்கலாமா?

பதில்: கறை படிந்ததையே வாங்குங்கள். எந்தப் பக்கத்தில் மஞ்சள் அப்பியிருக்கிறதோ அந்தக் குழம்பைத்தான் அந்த வீட்டில் அடிக்கடி வைத்திருக்கிறார்கள். ‘புளி குறைக்கவும்’ என்று ஓரத்தில் யாரோ எழுதியது அச்சிட்டவனுக்கே தெரியாத சங்கதி. நானும் ஒருமுறை பளபளவென்று காலிகோ துணி பைண்டிங்கைப் பார்த்து மயங்கி 900 ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், பைண்டர் மூன்று பக்கமும் கத்தியில் கொடுத்து ஓரத்தைச் சீவியிருக்கிறார். குறிப்பெல்லாம் பாதிப் பாதி. ‘உப்பு இரண்டு’ என்று ஒரு வரி நிற்கிறது. இரண்டு என்ன, சிட்டிகையா, கரண்டியா? எழுதிய அம்மாள் எங்கே, நான் யாரிடம் கேட்பது? கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். பசை காய்ந்து, டேப் உதிர்ந்து, எழுத்தின் மேல் காப்பி நிறத்தில் பட்டை விழும். கறை அழுக்கு, டேப் சுத்தம் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ! பூச்சி அரித்த துளையையும், தொட்டால் ஒடிகிற தாளையும் மட்டும் பாருங்கள். அவை இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: வாங்கிய பழைய புத்தகம் முழுக்க பலம், வீசை என்றே இருக்கிறது. ஒன்றும் புரியவில்லை. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா?

பதில்: மாட்டார். பலம் 35 கிராம், 40 பலம் ஒரு வீசை. அடுப்பைப் பற்ற வையுங்கள்.