புதிதாக பி.ஜி. கைடு ஆனவர் முதலில் பழக வேண்டியது எது?

கேள்வி: பெங்களூருவில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத் துறையில் அசோசியேட் புரொஃபசராக இருக்கிறேன். இப்போது மூன்று பி.ஜி. (முதுநிலை) மாணவர்களுக்கு நான் கைடு, அதாவது வழிகாட்டி ஆசிரியர். மருத்துவக் கல்விப் பயிலரங்கில் மூன்று நாள் கலந்துகொண்டு சான்றிதழும் வாங்கிவிட்டேன். ஆனால் ரவுண்ட்ஸில் இன்னும் பழைய மாதிரியேதான் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் எதைச் சுட்டிக்காட்டினாலும் "சரி மேடம்" என்பார். அடுத்த வாரம் அதே தவறு. வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இதற்கு ஒதுக்க முடியாது. அடுத்து எந்தக் கோர்ஸில் சேரலாம்? — வாசகி, ஜெயநகர்

பதில்: கோர்ஸை ஆறு மாதம் தள்ளிவையுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்களுக்குத் தோன்றியது இதுதான்: அந்த மாணவர் நோயாளியிடம் பேசுவதையும் தொட்டுப் பரிசோதிப்பதையும் நீங்கள் நேரில் பார்த்து வெகுநாள் ஆகியிருக்கும். இது உங்கள் குறை என்று சொல்ல வரவில்லை, பெரும்பாலான வார்டுகளில் இதுதான் நிலைமை. ரவுண்ட்ஸில் நம் காதில் விழுவது கேஸ் பிரசென்டேஷன். இரவு இரண்டு மணிக்கு ஹிஸ்டரி எடுத்தபோது எதைக் கேட்காமல் விட்டார், மண்ணீரலைத் தொட்டுப் பார்த்து எழுதினாரா, ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதினாரா என்பதெல்லாம் அதில் தெரியாது. பார்க்காத ஒன்றைப் பற்றிச் சொல்லப்படும் அறிவுரை பொதுவாகத்தான் இருக்கும். பொதுவான அறிவுரைக்கு "சரி மேடம்" என்பதைத் தவிர வேறு என்ன பதில் சொல்ல முடியும்?

ஆகவே நீங்கள் முதலில் பழக வேண்டிய திறமை பார்ப்பது. இதற்கென்றே உருவான கருவி மினி-சி.இ.எக்ஸ்., அதாவது நோயாளியைப் பார்க்கும் விதத்தை மதிப்பிடும் சிறு பயிற்சி. ஜான் நார்சினியும் அமெரிக்க உள்மருத்துவ வாரியத்தைச் சேர்ந்த சக ஆய்வாளர்களும் 1995இல் முன்வைத்தது. பயிலரங்கில் இதன் படிவத்தைக் கொடுத்திருப்பார்கள். மாணவர் ஒரு நோயாளியைப் பார்ப்பதை 15 முதல் 20 நிமிடம் பக்கத்திலிருந்து கவனிப்பது, முடிந்த கையோடு 5 முதல் 10 நிமிடம் பேசுவது, அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு மாணவர் வீதம் வைத்துக்கொண்டால் உங்கள் நேரத்தில் அரை மணிதான் போகும்.

செய்யும் விதத்தில்தான் இது கெடுகிறது. முழு நீளக் கேஸ் ஒன்றை ஆரம்பம் முதல் பார்க்க உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் போன் வரும், நீங்கள் எழுந்து போவீர்கள், அத்தோடு அது நின்றுபோகும். ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: இன்று மூச்சுத்திணறலுக்கான ஹிஸ்டரி, அடுத்த வாரம் சர்க்கரை நோயாளியின் கால் பரிசோதனை, அதற்கடுத்து டிஸ்சார்ஜ் மருந்துகளை விளக்குவது. எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை மாணவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். திடீர்ச் சோதனை வேண்டாம். "டாக்டர்தான் உங்களைப் பார்ப்பார், நான் கூட இருப்பேன்" என்று நோயாளிக்கு அவர் மொழியில் சொல்லுங்கள். பிறகு நோயாளியின் கண்ணில் படாதபடி அவர் தோளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காருங்கள். எதிரே நின்றால் நோயாளி உங்களிடம்தான் பேசுவார், மாணவரும் ஒவ்வொரு வரிக்கும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

நடுவில் வாய் திறக்காமல் இருப்பது கடினம், தெரியும். நோயாளிக்கு ஆபத்து என்றால் தயங்காமல் குறுக்கிடுங்கள். மற்றபடி கேட்டதையும் கண்டதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "கவனம் போதாது" என்பது உங்கள் முடிவு. "சாக்ஸைக் கழற்றச் சொல்லவில்லை; பாதத்தின் அடிப்பகுதியையும் விரல் இடுக்குகளையும் பார்க்கவில்லை; மோனோஃபிலமென்ட்டை (பாதத்தின் உணர்வைச் சோதிக்கும் நைலான் இழையை) வளையும்வரை அழுத்தாமல் தடவினார்" என்பது நீங்கள் கண்டது. முடிவைச் சொன்னால் மாணவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். கண்டதைச் சொன்னால் அதில் மறுக்க ஒன்றும் இல்லை, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

அடுத்து ஃபீட்பேக். முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு என்ற பழைய முறையை விட்டுவிடுங்கள். இரண்டு தடவை கேட்ட மாணவருக்கு அந்தப் பாராட்டு காதில் ஏறாது, "ஆனால்" எப்போது வரும் என்றுதான் காத்திருப்பார். நாங்கள் சொல்லும் வரிசை வேறு. எது நன்றாகப் போனது, எதை மாற்றிச் செய்திருப்பீர்கள் என்று முதலில் மாணவரையே கேளுங்கள். அவர் சரியாகச் செய்த ஒன்றை, அது ஏன் சரி என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். மாற்ற வேண்டிய ஒன்றே ஒன்றை எடுத்துச் செய்து காட்டுங்கள். ஏழு குறைகள் கண்ணில் பட்டாலும் ஒன்றுதான். கடைசியாக, எப்போது மறுபடி பார்ப்பது என்று தேதி குறியுங்கள். உங்கள் மாணவர் விஷயத்தில் விட்டுப்போனது இந்தத் தேதிதான் என்று நினைக்கிறோம். சொன்னதை யாரும் திரும்ப வந்து பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தால், களைத்த மனிதர் பழைய வழியில்தான் போவார். "அடுத்த மூன்று சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்த்து எழுதி வையுங்கள், வரும் வியாழன் நாலாவது நோயாளியை நான் கூட இருந்து பார்க்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

இதெல்லாம் தனி இடத்தில் நடக்க வேண்டும். நோயாளியின் காது கேட்க, நர்ஸ் முன்னால், ஜூனியர் மாணவர் பக்கத்தில் நிற்கும்போது சொன்னால், சொன்ன விஷயம் மறந்துபோகும், பட்ட அவமானம் மட்டும் மனதில் நிற்கும்.

படிவத்தில் ஒன்பது புள்ளி அளவுகோல் இருக்கும். எல்லாருக்கும் ஏழு போடத்தான் கை போகும். அதே மாணவரை வைத்துத்தான் நாளைக்கு வார்டை நடத்த வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். முதலில் வார்த்தையில் எழுதுங்கள், எண்ணைக் கடைசியில் போடுங்கள். ஒரு தடவை பார்த்ததை வைத்து மாணவரைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள். மாரடைப்பு நோயாளியை அருமையாகப் பார்ப்பவர் பக்கவாத நோயாளியிடம் தடுமாறுவார். திறமை கேஸுக்குக் கேஸ் மாறும். ஆண்டுக்கு நான்கு முறையாவது, வெவ்வேறு கேஸ்களில், முடிந்தால் வேறு ஆசிரியர்களும் பார்த்தால்தான் ஏதோ ஒரு படம் கிடைக்கும். இரண்டாம் ஆண்டு மாணவர் மாவட்ட ரெசிடென்சித் திட்டத்துக்காக மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்குப் போவார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். போகும் முன் ஒரு முறை, வந்த பிறகு ஒரு முறை பார்த்தால் அங்கே என்ன பழகி வந்தார் என்பது புரியும்.

நெரிசலான ஓ.பி.யில் 20 நிமிடம் கிடைக்காது. அதற்கு 'ஒரு நிமிட ஆசிரியர்' முறை இருக்கிறது. 1992இல் வெளிவந்தது, ஐந்து படிகள். பெங்களூருவில் மழைக்காலம் தோறும் வரும் கேஸையே எடுத்துக்கொள்வோம்: ஐந்து நாள் காய்ச்சல், பிளேட்லெட் 60,000. மாணவர் விவரம் சொல்லி முடித்ததும் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு நிறுத்துங்கள். டெங்கு என்பார். "எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வேறு என்னவாக இருக்கலாம்?" ஸ்க்ரப் டைஃபஸ் (சிறு உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சல்) அவர் நினைவுக்கு வருகிறதா, அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடியில் அந்தக் கடியின் கருந்தழும்பைத் தேடினாரா என்பது இந்தக் கேள்வியில் வெளிப்படும். மூன்றாவது, ஒரே ஒரு பொது விதி: டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம், பிளேட்லெட்டோடு ஹீமாடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஏறுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நான்காவது, சரியாகச் செய்ததைச் சொல்வது. ஐந்தாவது, தவறைத் திருத்துவது. இதில் அதிகம் கெடுவது முதல் படி. கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு விநாடி கூடப் பொறுக்காமல் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தெரியும், மாணவர் அப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருப்பார்.

சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகுவது), லம்பார் பங்சர் (முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பது) போன்ற செய்முறைகளைக் கற்பிக்க பெய்டன் என்பவர் சொன்ன நான்கு படிகள் போதும். பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்து காட்டுவது, விளக்கியபடி செய்வது, மாணவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்வது, கடைசியில் மாணவர் சொல்லிக்கொண்டே செய்வது. முதல் இரண்டையும் பொம்மை மாதிரியில் முடித்துவிடுங்கள். மூன்றாவது படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். மாணவர் மனதில் எந்தப் படி விட்டுப்போயிருக்கிறது என்பது ஊசி தோலைத் தொடும் முன் தெரிவது அந்த இடத்தில்தான்.

இரவு டியூட்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எப்போது உங்களைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள்: சிஸ்டாலிக் ரத்த அழுத்தம் (மேல் அளவு) 90க்குக் கீழ், புதிதாக ஆக்ஸிஜன் தேவைப்படுவது, நினைவு மங்குவது, ஐ.சி.யு.வுக்கு மாற்றுவது, எதிர்பாராத மரணம், உறவினர்கள் நோயாளியை அழைத்துப் போகிறோம் என்று நிற்பது. முதல் தடவை கூப்பிடும்போது "இதற்கா எழுப்பினீர்கள்?" என்ற தொனி உங்கள் குரலில் வந்துவிட்டால் அடுத்த தடவை அவர் கூப்பிட மாட்டார். அந்த நோயாளி இறந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

இப்போது "சரி மேடம்" என்று நிறுத்திக்கொள்ளும் அந்த மாணவர். தவறு திரும்பத் திரும்ப வந்தால் காரணம் எங்கே என்று பிரித்துப் பாருங்கள்: தெரியாததா, தெரிந்தும் கை வராததா, தெரிந்தும் செய்ய நேரமில்லாததா, உடலோ மனமோ சரியில்லாததா? கேட்பதற்கு வார்டு சரிப்படாது, அறைக்கு அழைத்து உட்கார வைத்து, "கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினீர்கள்?" என்று தொடங்குங்கள். முதுநிலை மருத்துவக் கல்வி விதிகள் 2023, நியாயமான பணி நேரமும் ஓய்வும் வார விடுப்பும் தரச் சொல்கின்றன. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழுவின் 2024ஆம் ஆண்டு அறிக்கை வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று பரிந்துரைத்தது. டியூட்டி ரோஸ்டரை வாங்கி நீங்களே கூட்டிப் பாருங்கள். 90 மணி வருகிறதென்றால் ஃபீட்பேக் அந்த நோய்க்கு மருந்தல்ல, ரோஸ்டரை மாற்றுவதுதான் மருந்து. அதற்காகத் துறைத் தலைவரிடம் பேச வேண்டியது கைடின் வேலை. சீனியர் யாராவது துன்புறுத்துவதாகச் சொன்னால் உங்களுக்குள் சமாதானம் பேசி முடிக்காதீர்கள். 2021ஆம் ஆண்டு ராகிங் தடை விதிகள் முதுநிலை மாணவர்களுக்கும் பொருந்தும். கல்லூரிக் குழுவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

மனச்சோர்வு தெரிந்தால், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. ஆமென்றால் தனியே விடாதீர்கள், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கைடே சிகிச்சை தரும் மருத்துவராகவும் இருக்கக்கூடாது, ஏனென்றால் லாக்புக்கில் (மாணவரின் பயிற்சிப் பதிவேட்டில்) கையெழுத்துப் போடுபவரிடம் யாரும் முழுதாக மனம் திறக்க மாட்டார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையைத் தலைமை மையமாகக் கொண்டு 2022இல் தொடங்கிய தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். டியூட்டி அறைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பெங்களூருவில் கற்பிக்கும் தமிழர்களுக்கு ஒன்று. யூனிட்டில் தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் இருந்தால், நம்மை அறியாமல் அவரிடம் தமிழுக்குத் தாவிவிடுவோம். பக்கத்தில் நிற்கும் கன்னட, மலையாள மாணவர்களுக்கு அந்தப் பாடம் போய்ச் சேராது, அவர் உங்கள் ஆள் என்ற பேச்சும் வந்துவிடும். ரவுண்ட்ஸில் எல்லாருக்கும் புரிகிற மொழியே இருக்கட்டும். தனியறையில், மாணவர் விரும்பினால், தமிழில் பேசுங்கள்; மனதில் இருப்பது தாய்மொழியில்தான் தடையில்லாமல் வரும். நோயாளியிடம் கன்னடம் பேசத் திணறும் மாணவருக்கு அதையே மினி-சி.இ.எக்ஸ்.க்கான துண்டாக எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் கற்பித்தலை யார் பார்ப்பது? மூன்றே மாணவர்களிடம் பெயரில்லாத படிவம் கொடுத்தால் கையெழுத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்வீர்கள், அது அவர்களுக்கும் தெரியும். துறை முழுவதும் சேர்த்து, கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவு வழியாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாங்கச் சொல்லுங்கள். அதைவிடப் பயனுள்ள வழி, வேறு யூனிட்டில் உள்ள சக ஆசிரியர் ஒருவரோடு கூட்டுச் சேர்வது. மாதம் ஒரு முறை நீங்கள் ஃபீட்பேக் கொடுப்பதை அவர் பார்க்கட்டும், அவர் கொடுப்பதை நீங்கள் பாருங்கள். யார் எவ்வளவு நேரம் பேசினார், மாற்ற வேண்டியது ஒன்றா ஐந்தா, தேதி குறித்தீர்களா என்ற மூன்றை மட்டும் அவர் குறித்துக் கொடுத்தால் போதும். பாதிக்கு மேல் நீங்களே பேசியிருப்பீர்கள். மாணவரின் சம்மதத்தோடு அந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்தும் கேட்கலாம். நோயாளி இருக்கும் இடத்தில் வேண்டாம்.

ஆறு மாதம் கழித்துக் கோர்ஸுக்கு வாருங்கள். பதவி உயர்வுக்குக் கேட்கப்படும் உயிரிமருத்துவ ஆய்வு அடிப்படைக் கோர்ஸை முடிக்காமல் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். சென்னையில் உள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் நடத்துவது, வீட்டிலிருந்தே படிக்கலாம். உங்கள் ஆர்வத்துக்குப் பொருந்துவது கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் 2007இல் தொடங்கிய, மருத்துவ ஆசிரியர்களுக்கான ஃபெய்மர் ஃபெலோஷிப்: இரண்டு ஆண்டு, வேலையில் இருந்துகொண்டே படிக்கும் முறை. இதற்குச் சொந்தமாக ஒரு கல்வித் திட்டம் வேண்டும், கல்லூரி நிர்வாகத்தின் ஆதரவும் வேண்டும். நேரடிக் கவனிப்பையே உங்கள் துறையில் கொண்டுவருவதைத் திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: மாணவர்களைப் பற்றிய குறிப்புகளை ஆய்வுக்கோ கட்டுரைக்கோ பயன்படுத்துவதாக இருந்தால், தரவு சேர்க்கத் தொடங்கும் முன்பே எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதியையும் மாணவர்களின் எழுத்துச் சம்மதத்தையும் வாங்கிவிடுங்கள். மறுத்தால் மதிப்பெண்ணுக்குப் பாதிப்பில்லை என்று அந்தத் தாளிலேயே எழுதி, சம்மதம் கேட்கும் வேலையை வேறு யூனிட் ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்.